ஒட்டாத பொருள்

முதல் முயற்சி குளியலறைக் குழாய்ச் சந்துக்கு அடைக்கும் பசையில்.
மஞ்சக்குப்பம் ஹார்டுவேர் கடை, நூற்றெண்பது ரூபாய்.
துப்பாக்கியில் வைத்து அழுத்தினால்
வெள்ளைப் புழு நெளிந்து வரும், புளித்த காடி வாசத்தோடு.
மாடியில் பவுலின் டீச்சர் ஜன்னலைச் சாத்தினார்:
"சிப்காட்டுக்காரன் இன்னிக்கும் தொறந்து விட்டுட்டான்."
நான் மறுக்கவில்லை.
கடலூரில் எந்த நாற்றத்துக்கும்
ஏற்கெனவே ஒரு முகவரி இருக்கிறது.

அந்தக் கம்மல் மூன்று நாளாக
மேலே காய்ந்து
உள்ளே அழுதுகொண்டிருந்தது.
தூக்கிப் போட்டேன்.

பகலில் எனக்குப் பல் கிளினிக்கில் வேலை.
வாயைத் திறங்க, கடிங்க, அசையாதீங்க.
நீலப் பசையில் பதிந்து வரும்
யார் யாருடைய கடைவாயோ,
குழியும் மேடும் ஒரு சொத்தையும் விடாமல்.
பல்லை இப்படிப் பிடிக்கிற சிலிக்கான்
ஒரு நண்டை விட்டுவிடுமா என்ன?

தேவனாம்பட்டினம் மணலில் பொறுக்கிய நண்டு ஓடு.
கிளினிக்கின் கல்மாவில் அச்சு.
சென்னையிலிருந்து கூரியரில்
ஏ ஒரு புட்டி, பி ஒரு புட்டி,
சரிக்குச் சரி.
கலந்த பிறகு நாற்பது நிமிடம்தான் கையில்.
அதற்குள் எழும் குமிழிகளை
ஊசிமுனையால் ஒவ்வொன்றாக உடைத்தேன்,
பேன் குத்துவது போல.

இறுகவில்லை.
ஐப்பசி ஈரம் என்றேன்.
இறுகவில்லை.
தராசு பொய் சொல்கிறது என்று
ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து நிறுத்துப் பார்த்தேன்.
தராசு சரி. பிசின் மட்டும் பிசினாகவே.
ஜாதகம் பொருந்தாத ஜோடி என்று
இரண்டு புட்டிகளையும் திட்டிவிட்டுப் படுத்தேன்.

ஐந்தாம் இரவு
கையுறையைக் கழற்றும்போது
ரப்பர் வாசம் மூக்கில் ஏறியது.
கந்தகம்.

புதிதாகச் சேர்ந்த திலோத்தமையிடம்
தினமும் நான் சொல்வதுதான்:
"ரப்பர் உறையோட தொடாத, பசை செத்துடும்."
என் வாயிலிருந்து என் காதுக்கு
அந்த வாக்கியம் வந்து சேர
ஐந்து இரவு, எண்ணூறு ரூபாய்.

வெறுங்கையால் அச்சைத் துடைத்து ஊற்றினேன்.
விடிகாலையில் உரித்தபோது
நண்டின் முதுகு வந்தது, நண்டு இல்லாமல்.
கஞ்சித் தெளிவின் நிறம்.
நசுக்கினால் மடங்கியது, விட்டதும் நிமிர்ந்தது.
ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை.
வெட்டி எடுக்கலாம்தான். கத்தரியை எடுத்து, வைத்துவிட்டேன்.

கொக்கி நிற்கவில்லை.
எந்தப் பசை வைத்தாலும் தோல் போல உரிந்தது.
தன்னைத் தவிர எதனோடும் சேராத ஜென்மம்.
சரி, உன்னோடு நீயே இரு என்று
காதில் நுழையும் தண்டையும்
அதிலேயே வார்த்தேன்.

முதல் ஜோடி செங்கேணிக்கு.
துறைமுகத்தில் ஏலம் எடுத்து
எங்கள் தெருவுக்கு வரும்போது எட்டு மணி ஆகும்.
கவரிங் போட்டால் அவள் காது சீழ் கட்டும்;
தங்கம் ஃபைனான்ஸில் இருக்கிறது.
மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினாள்.
"போட்டிருக்கனா, இல்லையா?"
ஐஸ் தண்ணீரை அள்ளிக் காதில் விட்டு
இன்னொரு முறை ஆட்டினாள்.

பதினைந்து நாள் கழித்துப் பார்க்கிறேன்,
காதில் இரண்டும் மஞ்சள்.
உலகத்துப் பசை எதுவும் ஒட்டாத பொருளுக்குள்
அவள் முகத்துக்குப் பூசுகிற மஞ்சள்
யாரையும் கேட்காமல் குடியேறியிருந்தது.
கறை, என் தப்பு, வேற தரேன் என்றேன்.
காதைப் பொத்திக்கொண்டாள்.
"பொன்னாட்டம் ஆயிருக்கு. குடுக்கமாட்டேன் போ."

வெயிலில் வெளுக்கும் மஞ்சள் அது.
பகலெல்லாம் வெயில் தின்பதை
காலையில் அவள் பூசி நிரப்புகிறாள் போல.

கூட வரும் இரண்டு பேருக்கும் வேணுமாம்,
அச்சு அசலாய் இதே நிறத்தில்.
சரி என்றேன்.
வெள்ளையாகத்தான் ஊற்றப் போகிறேன்.
மிச்சம்
அவர்கள் முகம் கழுவும்போது நடக்கும்.