புல எண் 114/3பி

கல்யாண மண்டபத்தில்தான் கூட்டம் வைத்தார்கள்.
முந்தின நாள் வரவேற்பின் தெர்மாகோல் எழுத்துகளில்
மாப்பிள்ளை பெயர் பாதி உதிர்ந்திருக்க
அதற்குக் கீழே அமர்ந்து
தனி வட்டாட்சியர் அம்மா
சாலையைத் திரையில் காட்டினார்.

வெட்டாற்றங்கரையோடு பதினெட்டு கிலோமீட்டர்.
எழில்வழிச் சாலை.
ஆறு இடங்களில் வண்டியை நிறுத்தி
இறங்கிப் பார்க்கலாம்.
எதைப் பார்க்க என்று ஜெய்னுலாபுதீன் கேட்டார்.
வயலைத்தான் என்றார் பொறியாளர்.
மண்டபமே சிரித்தது.
அவருக்கு ஏனென்று விளங்கவில்லை.

படத்தில் எங்கள் ஊர்
ஆனி மாதத்திலும் பச்சையாக இருந்தது.
நாற்றுமுடியோடு ஒருத்தி நின்றாள்,
எந்த ஊர்க்காரியோ,
காலில் சேறே இல்லை.

என்னுடையது நூற்றுப் பதினான்கில் மூன்று பி.
எழுபத்தொரு சென்ட்.
ஆற்றின் வளைவை நிமிர்த்த
சாலை என் வயலில் ஏறி இறங்குகிறது.
இருபத்தெட்டு சென்ட் அதற்கு.
எனக்கு மிஞ்சுவது இரண்டு முக்கோணம்.
முக்கோணத்தில் டிராக்டர் திரும்பாதுங்க என்றேன்.
எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

எழுதிக் கொடுத்தோம்.
போர்செட் போகிறதென்று ஞானப்பிரகாசம்.
தென்னை நாற்பதை முப்பத்தொன்று என்று
எண்ணியிருக்கிறார்களென்று சீனிவாசலு நாயுடு.
நான் வடிகாலைப் பற்றி எழுதினேன்.
ஐப்பசி அடைமழையில்
இந்தப் பக்கத்துத் தண்ணீரெல்லாம்
கிழக்கே சரிந்துதான் வடிய வேண்டும்.
ஆறடிக்கு மண் கொட்டி அதன் குறுக்கே படுக்கப்போகிறீர்கள்.
வரைபடத்தில் இருப்பது இரண்டடிக் குழாய்.
ஒரு கூடை ஆகாயத்தாமரை போதும் அதை அடைக்க.
பிறகு நிறுத்திப் பார்க்கிற இடத்திலிருந்து
ஏரி தெரியும்.

ஏரி என்பதை அடித்துவிட்டு
பயிர்ச்சேதம் என்று எழுதச் சொன்னார் எழுத்தர்.

இழப்பீடு என்று பேச்சு வந்தபோது
என் கையெழுத்தே எனக்கெதிரே வந்து உட்கார்ந்தது.
இரண்டாயிரத்து ஒன்பதில்
பங்காளி மயில்வாகனத்திடம் இதை வாங்கினேன்.
கொடுத்தது ஒரு தொகை,
பத்திரத்தில் போட்டது வேறு தொகை.
முத்திரைத்தாளில் மிச்சம் பிடித்த குஷியில்
சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
சாட்சிக்காரர்கள் உட்பட ஏழு பேருக்கு
ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன்.
"நீங்களே போட்ட விலைதானே சார்" என்றார் அம்மா.
கோபமாகக்கூடச் சொல்லவில்லை.
அந்த ரோஸ்மில்க் இப்போது தொண்டையில் நிற்கிறது.

புரட்டாசியில் கல் ஊன்றினார்கள்.
மஞ்சள் பெயிண்ட் காய்வதற்குள்
ஒரு கொக்கு வந்து உட்கார்ந்து
காலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது.

அஞ்சுகம் வந்து பார்த்தாள்.
பதினோரு வருடமாக அவள்தான் செய்கிறாள்,
மூட்டைக் கணக்கில், வாய்ப்பேச்சில்.
"எனக்கு எவ்வளவு வரும்?" என்றாள்.
அடங்கலில் அவள் பேர் இல்லை.
குத்தகையைப் பதிய வேண்டாம், நமக்குள்ள என்ன என்று
அவள் புருஷனிடம் சொன்னது நான்தான்.
பாக்கலாம் என்றேன்.
வட்டாட்சியர் அம்மாவும்
என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

மறுநாள் நடவு.
எடுக்கப்போகிற இடத்துக்கு ஏன் நாற்று என்று கேட்டேன்.
"வர்றப்ப வரட்டும்" என்றாள்.
கல்லைச் சுற்றி நெருக்கி நட்டாள்.

நேற்று கரையில் ஒரு கார் நின்றது,
சாலை வரும் முன்பே.
கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கி
போனை உயர்த்திப் பிடித்தார்.
நாங்கள் இரண்டு பேரும் வரப்பில் நின்றிருந்தோம்,
கூலி பாக்கியைப் பேசிக்கொண்டு.
கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று
அங்கிருந்தே கையசைத்தார்.
யாரைச் சொல்கிறார் என்று தெரியாமல்
இருவருமே நகர்ந்தோம்.