அகலமாவதற்கு முன்

பில் தாளின் முதுகில்தான் திட்டம் எழுதினேன்,
ஆஸ்பத்திரி கவுண்டரில் கூட்டம் வடிந்த மத்தியானம்.
ஆள் ஐந்து. சைக்கிள் மூன்று.
அங்கயற்கண்ணிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள்.
அவள் அப்பாவின் இருபத்திரண்டு இன்ச்.
சுருளிவேலுக்கு வாடகையில் ஒரு குட்டை வண்டி.
பாண்டீஸ்வரி, அப்பா முன்னால் பாரில், துண்டு மடித்துப் போட்டு.
நான்?
பெரியவள் மிதிக்க, கேரியரில்.
ஒச்சப்பன் அதற்கு மட்டும் சிரித்தார்.

வெளிநாட்டில் ரயில் நின்றுபோன தடத்தைச்
சைக்கிளுக்கென்றே வழவழவென்று போட்டுக் கொடுப்பார்களாம்.
பெஞ்சு உண்டாம், நிழல் உண்டாம், மைல்கல் உண்டாம்.
நமக்கு யாரும் கொடுக்கவில்லை.
போடி லைனில் சின்னத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்,
பெரியது இன்னும் வந்து சேரவில்லை.
நடுவில் கிடக்கிறது ஒரு செம்மண் கோடு,
எடுத்துவைக்க மறந்த நாடா மாதிரி.
அது போதும்.

"மேற்கே போகப் போக மேடாச்சே, பிள்ளைக மிதிக்குமா?"
மிதிக்கும்.
பஸ்ஸுக்குப் போட்ட மேடு வேறு, ரயிலுக்குப் போட்ட மேடு வேறு.
கரி தின்று மூச்சிரைத்த எஞ்சினுக்காக
எவரோ ஒருத்தர் நூல் பிடித்துப் பார்த்து
கரட்டை வெட்டி, ஓடைப் பள்ளத்தைத் தூர்த்து
தெரியாமல் தெரியாமல் ஏற்றியிருக்கிறார்.
எட்டு வயசு முழங்காலுக்கும்
அதே கணக்கு ஒத்துவரும் என்று
அவர் நினைத்திருக்கவே மாட்டார்.

முதல் ஞாயிறு, கொழுந்தன் வீட்டுக் காதுகுத்து.
அடுத்த ஞாயிறு, அவருக்கு மில்லில் டபுள் ஷிப்ட்.
அதற்கடுத்து மழை,
வேண்டி விரும்பிக் கூப்பிட்டபோதெல்லாம் வராத மழை.
பில் தாள் நாலாக மடிந்து, மடிப்பில் கிழிந்து,
"புளிச்சோறு" ஒரு பக்கம், "பஞ்சர் சொல்யூஷன்" ஒரு பக்கம் ஆனது.
அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் யாரோ சொன்னார்கள்:
உசிலம்பட்டிப் பக்கம் ஜல்லி இறக்குகிறார்களாம்.

அன்றைக்கே பம்பு கடன் வாங்கினேன்.

நாகமலை கூடவே வந்தது.
வலிக்காத மேடு, எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை.
பாலம் இருந்த இடத்தில் இரண்டு கல் தூண் மட்டும்;
இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டு, ஓடை மணலில் கடந்தோம்.
சீமைக்கருவேல முள் ஆளுக்கொன்று பார்த்து எடுத்துக்கொண்டது.
அங்கயற்கண்ணியின் முதுகு வியர்த்து என் கன்னத்தில் ஒட்டியது.
"இறங்கட்டுமாடி?"
"கனமே இல்லம்மா, பேசாம வா."
பொய்தான். பிடித்திருந்தது.

ரோடு குறுக்கே வரும் இடத்தில்
கேட்டும் இல்லை, கேட்கீப்பரும் இல்லை,
அவர் இருந்த கூண்டில் ஆடு நின்றது.
ஒச்சப்பன் பழக்கத்தில் பிரேக் பிடித்தார்.
"ஏன் நிக்கிறீங்க?" என்றாள் பாண்டீஸ்வரி.
"பஸ் வருதுல்ல."
"நாமதானப்பா ரயிலு. அவுகதான் நிக்கணும்."

சொல்லிவிட்டு, பாரில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள்.
மினி பஸ் டிரைவர் பார்த்தார்.
ஹாரனில் இருந்த கையை எடுத்து
வண்டியை ஆஃப் செய்துவிட்டு
ஸ்டியரிங் மேல் சாய்ந்துகொண்டார்,
நெடுநேரம் ஓடும் கூட்ஸ் ஒன்றுக்குக் காத்திருப்பவர் மாதிரி.
ஜன்னலெல்லாம் தலை.
ஒன்று, இரண்டு, மூன்று என்று கடந்தோம்.
கடைசி வண்டியில் நான்,
பின்னால் பார்த்துக் கை அசைத்தேன், கார்டு போல.

ராத்திரி, அதே தாளின் மிச்ச இடத்தில்:
வடபழஞ்சி புறப்பாடு ஆறு இருபது.
கருமாத்தூர் சேர்ந்தது ஒன்பதே கால்.
தாமதத்துக்குக் காரணம்:
பஞ்சர் இரண்டு,
சுருளிவேல் கண்டெடுத்த பாம்புச் சட்டை,
இறங்கமாட்டேன் என்று பாண்டீஸ்வரி.