காரணம்: சும்மா

முசஃபா கேம்ப், மேல்பங்கில் படுத்து
போனில் இங்கிலீஷ் படிக்கிறேன்.
'ட்ராப் இன்' என்றால்
போகிற வழியில் ஒருவரை
எட்டிப் பார்த்துவிட்டுப் போவதாம்.

பகலில் நான் சாரம் கட்டுகிறவன்.
'ட்ராப்' என்று மேலேயிருந்து குரல் வந்தால்
தலையைப் பொத்திக்கொண்டு ஓடுவோம்.
ஸ்பேனர் விழும். கிளாம்ப் விழும்.
ஆள் விழுந்தால் அதற்கு வேறு படிவம்.

பாப் இன், ஸ்டாப் பை, கம் ஓவர்...
ஒரு கதவைத் தட்ட
எத்தனை வினைச்சொல் வைத்திருக்கிறான்!

போன வாரம்
ருவைஸிலிருந்து வந்தான் அருள்தாஸ்.
இரண்டு பஸ், நாலு மணி நேரம்,
கையில் ஆரஞ்சுப் பை.
கேட்டில் டேக் பகதூர் நோட்டைத் திருப்பினார்:
வந்த காரணம்?
சும்மா என்றான்.
அதற்குக் கட்டம் இல்லை.
கொஞ்சம் யோசித்து
'தம்பி' என்று இந்தியில் எழுதிக்கொண்டார்.

என்ன பேசினோம்?
அவன் ஃபோர்மேன். என் பல்வலி.
ஆரஞ்சு புளிப்பு.
மீதி நேரம் ஃபேன் பேசியது.

ஏழரைக்குக் கடைசி பஸ்.
படியிறங்கிக்கொண்டே
'வரட்டா' என்றான்,
போகிறவன்.

பாடத்தில் அதைத் தேடுகிறேன்.
சார்ஜ் ஆறு சதவீதம்.
கீழ்ப்பங்குக்காரர்
லைட்டை அணைக்கச் சொல்கிறார்.