காற்றின் கணக்கு

நானூறு ரேண்டுக்கு வாங்கிய
விரல் நீளக் கருவி.
ஆன்டெனா, சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்தியது.
சமையலறை ஜன்னலில் அதைச் செருகிய நாளிலிருந்து
சாட்ஸ்வொர்த்தின் இந்தச் சரிவு
வாய் ஓயாமல் பேசுகிறது.

என்னதான் பேசுது என்றாள் பிரெலீன்.
எதிர்வீட்டுத் தோட்டத்தில் பதினேழு டிகிரி.
யாரோ கேட்டுக்கு ரிமோட் அழுத்துகிறார்,
திறக்கவில்லை, மறுபடி அழுத்துகிறார்,
பாட்டரியைத் திட்டிக்கொண்டே மூன்றாம் முறை.
"திட்டுறதும் கேட்குமா?"
இல்லை. அது நான் சேர்த்தது.

பகலெல்லாம் துறைமுகத்தில்
கிரேன்களின் பிழைச்செய்தி படிப்பவன்.
இரவில் எனக்கு வேண்டியதெல்லாம்
யாரும் என்னிடம் சரிசெய்யச் சொல்லாத எண்கள்.

அப்படித்தான் டயர்களைக் கண்டுபிடித்தேன்.
ஒவ்வொன்றுக்குள்ளும் பொத்தான் அளவில் ஒரு பொருள்
உருளும்போதெல்லாம் தன் எண்ணைச் சொல்லி
உள்ளிருக்கும் காற்றைச் சொல்லி
சூட்டையும் சொல்லிப் போகிறது,
கேட்பாரில்லை என்ற தைரியத்தில்.
ஹிக்கின்சன் ஹைவேயிலிருந்து ஏறி வருபவை கொதிப்போடு வரும்.
மூலைக்கடைக்குப் போய் ரொட்டி வாங்கித் திரும்புபவை
சூடேறவே ஏறாது.

லோட் ஷெட்டிங் இரவு இதற்கு உத்தமம்.
தெரு அணைந்து, இரைச்சல் அடங்கி,
குரங்குகளும் மாமரத்தில் தூங்கியபின்
இரண்டு பத்துக்கு நான்கு எண்கள் ஒன்றாக மேடேறும்.
மூன்று சக்கரம் இரண்டு புள்ளி இரண்டு.
பின்னால் இடது, திங்களன்று இரண்டு.
புதனன்று ஒன்று புள்ளி எட்டு.
வெள்ளி வரும்போது ஒன்றரை.

ஆணியாக இருக்கும்.
மெதுவாக, மரியாதையாக இறங்குகிற காற்று.
யார் என்று தெரியாமல் இருந்தவரை
அது ஒரு வரைபடம், அவ்வளவுதான்.
வெள்ளியன்று திரையை நகர்த்தி வெளியே பார்த்துவிட்டேன்.
நாலு வீடு தள்ளி, தேஷ்னி.
ஆஸ்பத்திரி நைட் ட்யூட்டி முடிந்து
காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

எப்படிச் சொல்வது?
தற்செயலாகப் பார்த்தேன் என்றா?
சனிக்கிழமை குப்பைப் பையோடு போய்
"டயர் கொஞ்சம் தணிஞ்ச மாதிரி இருக்கே" என்றேன்.
அவள் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன்.
அது வட்டமாக, குறையே இல்லாமல்
என்னைக் காட்டிக்கொடுத்தபடி நின்றது.

"கண்ணுக்குத் தெரியலையே அங்கிள்."
உள்ளே மஞ்சள் விளக்கு எரியுமே என்றேன்.
"அதுவா? வாங்கினதிலிருந்தே எரியுது.
உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். பொத்தானை, கம்பியை, நானூறு ரேண்டை.
குப்பைப் பை கையில் கனத்தது.
அவள் சிரிக்கவில்லை.
"வேற என்னெல்லாம் சொல்லுது என் கார்?"

வேற ஒண்ணுமில்லை என்றேன்.

திங்கள் இரவு நான்கும் இரண்டு புள்ளி மூன்று.
பெட்ரோல் பங்க்கில் கொஞ்சம் அதிகமாகவே அடித்திருக்கிறான்.
மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.
பிறகு கோப்பைத் திறந்து,
எட்டு மாதமாக ஒரு வரி தவறாமல் எழுதிய
நேரம் என்ற பத்தியை
முழுதாகத் தேர்ந்து அழித்தேன்.

காற்று இருக்கட்டும்.
யார் எப்போது வீடு திரும்புகிறார்கள் என்பது
காற்றில் வந்தாலும்
என்னுடையதல்ல.