ரா

அதிகாலை மூன்று பத்து.
மதேரா ஆஸ்பத்திரி, நான்காம் மாடி.
படிவத்தில் மொழிக்கு ஒரே ஒரு கட்டம்.
"மிஷ்டெக்" என்று எழுதிவிட்டு
பேனாவை மூடினாள் நர்ஸ்.

அந்தக் கட்டத்துக்குள் எத்தனை மலை என்று
அவளுக்கு யார் சொல்ல?
மழையின் சனங்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள்
மழைக்கு ஒரே பெயர் வைத்துக்கொள்ளவில்லை.
ஒரு ஊரில் சவி.
ஓடையைத் தாண்டினால் தவி.
இன்னும் ஏறி, பைன் மரங்கள் தொடங்கும் இடத்தில் தாவ்.
சந்தையில் மிளகாய் பேரம்
இரண்டு பேருக்கும் அரைகுறையான ஸ்பானியத்தில் முடியும்,
மிச்சத்தை விரல்கள் பார்த்துக்கொள்ளும்.

போனின் மறுமுனையில், தொலைவான வடக்கில்,
ஒரேகானில் ஒரு சமையலறை மேசை, ஸெனோபியா.
மொழிபெயர்ப்பாளர் எண் 4471.
நிமிடத்துக்கு எழுபது சென்ட்.
ஃபிரிட்ஜின் இரைச்சல் குறுக்கே வராமலிருக்க
பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பேசுவாள்.
பால் திரிந்துபோன இரவுகள் உண்டு.

பெலாஜியா பேசினாள். பத்தொன்பது வயது,
நேற்று மாலைவரை திராட்சைத் தோட்டத்தில் நின்றவள்.
பக்கத்து வீட்டு ரேடியோ
சுவர் தாண்டி வருவதுபோல் இருந்தது ஸெனோபியாவுக்கு:
மெட்டு தெரிகிறது,
வார்த்தை பிடிபடவில்லை.
ஒரு வாக்கியம் மட்டும் முழுசாக வந்தது.

"அவன் போய்விட்டான் என்கிறாள்."

எப்போது போனான்?
அடித்தானா?
வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?
சமூகநலப் பணியாளரை அழைக்கட்டுமா?
நர்ஸிடம் அதற்கென்று வேறொரு படிவம் இருந்தது.

பெலாஜியா அதையே மறுபடி சொன்னாள்.
பிறகு கத்தினாள்.

நமக்கு உயர்திணை, அஃறிணை; இரண்டே அறை.
அவர்கள் வீட்டில் அறைகள் அதிகம்.
ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று,
விலங்குக்கு, மரத்துக்கு,
தண்ணீருக்கென்று தனியாக ஒன்று.
ஸெனோபியாவின் ஊரில் ஆணுக்கும் நீருக்கும்
ஒரே அசைதான்: ரா.
குரல் தணிந்தால் அவன்.
உயர்ந்தால் நீர்.
போனோ குரலின் மேடு பள்ளத்தையெல்லாம்
இஸ்திரி போட்டு அனுப்புகிறது.

"ஒரு நிமிஷம்," என்றாள் ஸெனோபியா.
"உங்கள் ஊரில் மழைக்கு என்ன பெயர்?"

"என்ன கேட்கிறீர்கள் அவளிடம்?" என்றாள் நர்ஸ்.

வலி வந்து, வலி போய்,
நடுவில் ஒரு மூச்சில் வந்தது பதில்:
தவி.

அப்படியானால் ஓடைக்கு அந்தப் பக்கம்.
அங்கே நம்முடைய ஏற்றம் அவர்களுக்கு இறக்கம்.
ஆனால் உறுதி வேண்டும்.
இருபது வருஷத்தில் யாரிடமும் கேட்டிராத கேள்வியைக் கேட்டாள்:
"அந்த ரா ஈரமா?"

மறுமுனையில் மௌனம்.
பிறகு, அந்த வலியிலும், ஒரு சிரிப்பு.
"ஈரம்தான். செருப்பு வரைக்கும்."

பனிக்குடம் உடைந்திருக்கிறது, என்றாள் ஸெனோபியா,
எப்போது என்று தெரியவில்லை, ஓடுங்கள்.
ரப்பர் காலணிகள் ஓடும் சத்தம்.
கட்டிலில் யாரோ வைத்துவிட்டுப் போன போன்
கூரையைக் கேட்டுக்கொண்டிருந்தது,
நிமிடத்துக்கு எழுபது சென்ட்.

அபுந்தியோ எங்கும் போயிருக்கவில்லை.
கீழ்த்தளத்தில், அடையாள அட்டை இல்லாததால்,
காவலாளி காட்டிய மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்
அவளுடைய ஜாக்கெட்டோடு நின்றான்.
அவனைப் பற்றி அன்றிரவு கேட்கப்பட்ட கேள்விகள்
ஒன்றுகூட அவனிடம் கேட்கப்படவில்லை.

இணைப்பு அறுந்தது.
பிறந்தது எந்த அறைக்குரியது என்று
4471-க்கு யாரும் சொல்ல மாட்டார்கள்; அது விதி.
சேவை எப்படி இருந்தது, ஒன்று முதல் ஐந்துக்குள்,
என்றது ஒரு இயந்திரக் குரல்,
ஏற்றமும் இறக்கமும் இல்லாமல்.

ஃபிரிட்ஜைச் செருகப் போனவளை
மூன்று ஐம்பத்திரண்டுக்கு மணி திரும்ப அழைத்தது.
ஃப்ரெஸ்னோ காவல் நிலையம். மிஷ்டெக் வேண்டுமாம்.

"எந்த மழை?" என்றாள்.

"மேடம்," என்றான் அந்த இளைஞன் பொறுமையாக,
"இங்கே மழை பெய்து நான்கு மாதமாகிறது."