விஞ்ச் பழுதான வாரம்

வால்பரைசோவில் எங்கள் குன்றுக்கு
விஞ்ச் ஓடவில்லை, இன்றோடு ஆறு நாள்.
சான்டியாகோவிலிருந்து பல்சக்கரம் வர வேண்டுமாம்.
டிக்கெட் கூண்டில் உட்கார்ந்து
ஊரையே மேலே அனுப்பியவள் நான்.
இப்போது என் வீட்டுக்குப் போக
படிகள் நூற்று அறுபத்தொன்று.
மூன்றாவது படியிலேயே அமாரோ
இரு கைகளையும் உயர்த்துகிறான்.

தூக்கக் கூடாது என்றிருக்கிறார் மருத்துவர்.
இவன் பதின்மூன்று கிலோ.
எனக்கு எட்டாம் மாதம்.
கைகளை உயர்த்தி நிற்பவனிடம்
எந்தக் கணக்கைச் சொல்ல?

உட்கார்கிறேன்.
மடியில் ஏறப் பார்க்கிறான்.
மடி இல்லை.
அது இருந்த இடத்தில் ஒரு மேடு.
ஏறுகிறான், சறுக்குகிறான், மறுபடி ஏறுகிறான்.
கடைசியில் முழங்காலில் கால் பரப்பி அமர்ந்து
பிதுங்கிய தொப்புளில் வாய் வைத்து
"வெளிய வா" என்கிறான்.
அழைப்பா, அதட்டலா,
பெற்றவளுக்கே பிடிபடவில்லை.

சவலை என்றொரு சொல் உண்டு,
வயிற்றில் இன்னொன்று தங்கியதும்
பால் மறந்து மெலிகிற பிள்ளைக்கு.
இவன் ஒன்றும் மெலியவில்லை.
காலையில் இரண்டு ரொட்டி, ஒரு முழு அவகாடோ,
ஓர்த்தென்சியா தன் பூனைக்கு வைத்த
மீனில் பாதி.
ஆனாலும் ராத்திரி தூக்கத்தில்
என் சட்டைப் பொத்தானைத் தேடித் திருகுகிறான்,
மூடிவிட்ட கடையின் பூட்டை
ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகும்
பழைய வாடிக்கையாளன் போல.

முந்தாநாள் நிபால்டோவுக்குத் துறைமுகத்தில் இரவு ஷிஃப்ட்.
இரண்டு மணிக்கு நிலம் லேசாகக் குலுங்கியது.
இங்கே அது சேதி இல்லை.
விளக்கு ஆடும், தகரம் முனகும்,
நாய்கள் குரைத்து ஓயும்.
விழித்ததும் என் கை முதலில் போனது
வயிற்றுக்கு.
பிறகுதான் அவன் கட்டிலுக்கு.
அந்த அரை நொடியை
நிபால்டோவிடம்கூட நான் சொல்லவில்லை.

அவன் விழித்தே கிடந்தான்.
"யாரு ஆட்டுனா?"
பூமி என்றேன்.
"இல்ல. பாப்பா."
அதிலிருந்து எல்லாமே பாப்பாதான்.
பிஸ்கட் முறிந்தால் பாப்பா.
மழை வந்தால் பாப்பா.
விஞ்சை உடைத்ததும் சந்தேகமில்லாமல் பாப்பா.

மனசு தானாகப் பெரிசாகிவிடும் என்கிறாள்
நாத்தனார் மிரேயா, மூன்று பெற்றவள்.
ஆகட்டும்.
கை இரண்டுதானே மிரேயா?
ஆறு வருஷம் கூண்டிலிருந்து பார்த்தவள் நான்.
ஒரே கம்பியின் இரு நுனியில் இரு பெட்டிகள்.
ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும்.
பாதி வழியில் பக்கம் பக்கமாகக் கடக்கும்போது
இதில் இருப்பவர் அதில் இருப்பவரை
கண்ணாடி வழியே ஒரு கணம் பார்ப்பார்கள்.
அவ்வளவுதான்.
அதற்குமேல் அதை யோசிக்கப் பயமாக இருக்கிறது.

ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, அஞ்சு என்று
எண்ணிக்கொண்டு ஏறினான்.
கீழே காஸ் லாரிக்காரன்
சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போனான்.
அதற்கு நின்றோம்.
ஒரு நத்தைக்கு நின்றோம்.
நீல வண்ணம் உரிந்த சுவரை
அவன் நகத்தால் இன்னும் கொஞ்சம் உரிக்க நின்றோம்.
பிறகு அவன் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை.
ஓரமாக நகர்ந்து
எனக்கு வழிவிட்டு
கைகளைத் தானே கீழே போட்டுக்கொண்டான்.

தொண்ணூற்றிரண்டாம் படியில்
தூக்கிவிட்டேன்.

மேட்டின்மேல் அவன் சரிந்து பொருந்தியபோது
உள்ளிருந்து ஓர் உதை.
என்னைத் தாண்டி அவன் விலாவில் பட்டது.
திகைத்து என் முகத்தைப் பார்த்தான்.
யோசித்தான்.
பிறகு ஷூ காலால், நிதானமாக,
பதிலுக்கு ஒன்று.

நடுவில் நின்று மூச்சு வாங்குகிறேன்.
இன்னும் அறுபத்தொன்பது.