பிடித்தம்: பூஜ்யம்

செக்காலை ரோட்டில் சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
ஆடிட்டர் உமையாளின் மேசையில்
மின்விசிறிக் காற்றுக்குத் துடித்துக்கொண்டிருந்தன
என் இரண்டு படிவங்கள்.
ஒன்று கானாடுகாத்தான் ஹோட்டல் தந்தது,
ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது.
மற்றது கோட்டையூர் ரிசார்ட்டுடையது,
அக்டோபரிலிருந்து மார்ச் வரை.
இரண்டிலும் வரிப் பிடித்தம் பூஜ்யம்.

"ரெண்டு பேருமே உங்களை ஏழைன்னு நெனச்சிட்டாங்க ரூபன்."

ஆளுக்கொரு தடவை எழுபத்தையாயிரம் கழித்து,
ஆளுக்கொரு தடவை விலக்கும் கொடுத்து,
ஒரே ஆளை இரண்டு சின்ன ஆளாய்
வெட்டி வைத்திருந்தார்கள்.
ஒட்டித் தைத்தால் நான் கொஞ்சம் பெரிய ஆள்.
நாற்பத்தோராயிரத்து அறுநூற்றுச் சொச்சம்,
நாலு மாத வட்டியோடு.

"பழைய சம்பளத்தைப் புது எடத்துல சொல்லலையா?
அதுக்குன்னு ஒரு ஃபாரம் கொடுத்திருப்பாங்களே?"

கொடுத்தார்கள்.
எச்.ஆர். நசீமா மூன்று தடவை வாட்ஸப்பில் கேட்டாள்,
மூன்றாவது தடவை கும்பிடும் கைகள் வேறு.
நான் கட்டைவிரல் போட்டேன்.
ஃபாரம் போடவில்லை.
மறந்துட்டேன் மேடம் என்றேன் உமையாளிடம்.

மறக்கவில்லை.
நேர்காணலில் "இப்ப எவ்வளவு வாங்குறீங்க" என்றபோது
அறுபத்திரண்டு தொண்டை வரைக்கும் வந்தது.
வாய் எண்பது என்றது.
அந்தப் பதினெட்டாயிரம் ரூபாய்ப் பொய்யின் மேல் ஏறி நின்று
அவர்கள் இன்னும் பதினைந்து வைத்தார்கள்,
மாதம் தொண்ணூற்றைந்து.
அந்த ஃபாரத்திலோ பழைய சம்பளத்துக்கென்று
ஒரு கட்டம் இருக்கிறது.
எண்பது எழுதினால் வருமான வரிக்காரன் பிடிப்பான்.
அறுபத்திரண்டு எழுதினால் நசீமா பிடிப்பாள்.
ஆறு மாதம் அது வெறுமையாய்
என் இழுப்பறையில் கிடந்தது,
விருந்தினர் யாரோ விட்டுப்போன
ஒற்றைக்கால் கண்ணாடிக்கு அடியில்.

எனக்கு வேலையே வரி சேர்த்து வாங்குவதுதான்.
அறை எண் ஒன்பதின் பிரெஞ்சுக்காரி
பில்லின் கடைசி எண்ணில் நகத்தை வைத்து
இது எதற்கு என்றாள்.
"அரசாங்கத்தோடது, மேடம்.
எங்க கையில நிக்காது."
எவ்வளவு பணிவாகச் சொன்னேன்!

என் கையில் நின்றது.
மாதா மாதம் முழுசாய் வந்து,
ஜெனோவாவின் பல்லில் கம்பியாய் ஏறியது.
கழனிவாசலில் முந்நூற்று இருபது அடிக்கு
போர் போட்டேன்.
தண்ணீர் உப்பு.

உமையாள் திரையை என் பக்கம் திருப்பினார்.
"வேளாங்கண்ணிக்குன்னு வச்சிருக்கேன், மேடம்."
"மாதா காத்திருப்பா. இவங்க மாசத்துக்கு ஒரு சதவீதம்."
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்:
"எங்க ஆளுங்களைக் கேட்டா
இதெல்லாம் ஒரு வட்டியாம்பாங்க."
ஓடிபி வந்தது. ஆறு எண்கள்.
சலான் இறங்கியது.

படியிறங்கும்போது கணக்குப் போட்டேன்,
போடாமல் இருக்க முடியவில்லை.
உண்மையைச் சொல்லியிருந்தால்
எழுபத்தைந்து தந்திருப்பார்கள்.
மாதம் இருபதாயிரம் வித்தியாசம், ஆறு மாதம்.
வரி போக, வட்டி போக,
உமையாளுக்குக் கொடுத்த ஆயிரத்து ஐந்நூறும் போக
பொய் இன்னும் லாபத்தில்தான் ஓடுகிறது.
நஷ்டமாகியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கீழே பையன் ஒருவன் டியூபைத் தண்ணீரில் அமுக்கி
குமிழி வருமிடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேலிருந்து குரல் கேட்டது:
"ரூபன், இந்த வருஷம் கவலையில்ல.
பன்னெண்டு லட்சம் வரைக்கும் ஏத்திட்டாங்கல்ல,
உங்களுக்குப் பிடிக்க ஒண்ணுமில்ல."

கோட்டையூர் பஸ்ஸில் ஏறி
ஜூன் மாதச் சம்பளச் சீட்டைத் திறந்தேன்.
பிடித்தம்: பூஜ்யம்.
இது சட்டப்படியான பூஜ்யம்.
போன வருடத்தையும் திறந்து
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
இரண்டும் ஒரே மாதிரிதான் வாய் திறந்திருந்தன.